வன்னியில் கலை, மரபுரிமைப் பணிகளுக்கு அரச உதவி பெறுவது எப்படி: முதற் கடதாசி முதல் கணக்கு முடிப்பு வரை

கோயிலின் பின்வீதியில் சரிந்து நிற்கும் பழைய சுவருக்கும், கூத்துப் பழக்கும் அண்ணாவியார் வீட்டுப் பெட்டகத்தில் கரையான் அரித்துக் கிடக்கும் கூத்துக் கொப்பிக்கும் அரசாங்கம் உதவி செய்யும் என்பது வன்னியில் பலரும் அறிந்த செய்திதான். எந்த அலுவலகத்துக்கு, எந்த மாதத்தில், எந்தக் கடதாசிகளோடு போக வேண்டும் என்பதில்தான் காரியம் தடுமாறுகிறது. நான் பார்த்தவரையில், உதவித் திட்டம் இல்லாததால் கைவிடப்பட்ட பணிகளை விட, பதிவுச் சான்றிதழோ காணி ஆவணமோ கணக்குப் புத்தகமோ இல்லாததால் திரும்பி வந்த விண்ணப்பங்களே அதிகம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களிலும் இடப்பெயர்வுகளின்போது, குறிப்பாக 2008, 2009ஆம் ஆண்டுகளில், வீடுகளோடு சேர்ந்து சங்கங்களின் அலுமாரிகளும் அழிந்துபோயின. ஆகவே இந்த வழிகாட்டி பணத்திலிருந்து தொடங்காமல், கடதாசியிலிருந்து தொடங்குகிறது.

முதலாவது படி: கையில் உள்ளது எது என்பதைத் தீர்மானித்தல்

ஒரு பொருளை எந்தச் சட்டம் தொடுகிறது என்பதே, எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். கட்டடமாகவோ இடிபாடாகவோ சிலையாகவோ இருந்தால், அது 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டதா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் புராதனச் சின்னம் என்பதற்கு அந்தத் திகதியையே எல்லைக் கோடாக வைத்திருக்கிறது. கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போன ஒப்பந்தத்தின் நாள் அது. அந்தக் கோட்டுக்கு அப்பாலுள்ளவற்றில், தொல்பொருளியல் திணைக்களத்தின் அனுமதியின்றி அகழ்வதும் இடிப்பதும் குற்றமாகும். பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டதாயின், நல்லெண்ணத்தோடு சுண்ணாம்பு பூசுவதற்கும் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். கோட்டுக்கு இப்பாலுள்ளவற்றையும் வர்த்தமானி அறிவித்தல் மூலம் பாதுகாக்கப்பட்டவையாகப் பிரகடனம் செய்ய இடமுண்டு என்பதால், வயது குறைந்த கட்டடமென்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது.

பூநகரிக் கோட்டை, 1560இல் போர்த்துக்கேயர் எழுப்பிப் பின்னர் ஒல்லாந்தர் திருத்திக் கட்டிய மன்னார்க் கோட்டை, அரிப்பில் கடலரிப்பால் துண்டு துண்டாக விழுந்துகொண்டிருக்கும், மக்கள் அல்லிராணிக் கோட்டை என்றழைக்கும் ஆளுநர் பிரெட்ரிக் நோர்த்தின் மாளிகை ஆகியவற்றுக்கு ஒரு கிராமச் சங்கம் நேரடியாகத் திருத்த நிதி கேட்டு எழுதுவதில் பயனில்லை. அவற்றைக் காக்கும் பொறுப்பு அரசினுடையது. கிராமம் செய்யக்கூடியது சேதத்தைப் படத்தோடு முறைப்படி அறிவிப்பதும், அடுத்த ஆண்டின் பாதுகாப்புப் பணிகளில் அதைச் சேர்க்கும்படி மாவட்டச் செயலகம் ஊடாக வலியுறுத்துவதும்தான்.

இரண்டாவது கேள்வி, காணி யாருடையது என்பதாகும். உறுதிக் காணியா, அனுமதிப்பத்திரக் காணியா, அரச காணியா, வன இலாகாவின் ஒதுக்கா என்பது தெரியாமல் எந்தத் திணைக்களமும் பணம் தராது. வன்னியின் பழஞ்சின்னங்களில் பல காட்டுக்குள் கிடப்பதால், பாதையிலுள்ள பற்றையை வெட்டுவதற்கே வன இலாகாவின் எழுத்து அனுமதி தேவைப்படலாம். முல்லைத்தீவின் குருந்தூர்மலையும் வவுனியா வடக்கின் வெடுக்குநாறிமலையும், தொல்லியல் இடத்தில் வழிபடும் உரிமை பற்றிய பிணக்கில் நீதிமன்றப் படியேறிய கதை பலருக்கும் தெரியும். வழிபாடு, தொல்லியல், காணி ஆகிய மூன்று உரிமைகளும் ஒரே இடத்தில் மோதும் களத்தில், பிரதேச செயலாளரின் எழுத்துமூல நிலைப்பாடு கையில் இல்லாமல் ஒரு கல்லைக்கூட நகர்த்த வேண்டாம் என்பதே என் உறுதியான ஆலோசனை.

கூத்து, நாட்டார் பாடல், பன்னவேலை எனும் ஓலைப் பின்னல், ஓலைச்சுவடி போன்றவற்றுக்கு இந்தச் சட்டச் சிக்கல் அநேகமாக இல்லை. அவை அடுத்த படிக்கு நேராகப் போகலாம்.

இரண்டாவது படி: அமைப்பையும் பத்திரங்களையும் உயிர்ப்பித்தல்

அரசின் பணம் தனியாளின் கைக்கு அரிதாகவே வரும். கலைஞருக்கான விருதும் நூலாசிரியருக்கான உதவியும் விதிவிலக்குகள். மற்றையவற்றுக்குப் பதிவுபெற்ற ஓர் அமைப்பு வேண்டும். கலை மன்றமாயின் பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தரிடமும், கோயிலாயின் இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களத்திலும், பொதுச் சேவை நிறுவனமாயின் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வச் சமூக சேவை நிறுவனங்கள் பதிவுச் சட்டத்தின் கீழும் பதிவு செய்யலாம். புதிதாக ஒரு மன்றத்தைத் தொடங்கி அதன் பெயரில் கட்டட வேலை கேட்பதை விட, ஏற்கனவே இயங்கும் கிராம அபிவிருத்திச் சங்கத்தையோ மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தையோ பங்காளியாகச் சேர்ப்பது சுலபம். ஊர்ச் சங்கமே வேலையை ஒப்பந்தமாக எடுத்துச் செய்யும் சமூக ஒப்பந்த முறையில் பழகிய சங்கங்கள் அவை.

பழைய பதிவுச் சான்றிதழ் தொலைந்திருந்தால், பதிவு எண் எந்தப் பழைய கடிதத்திலாவது, வங்கிப் புத்தகத்திலாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, கிடைக்கும் சான்றுகளோடு சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலுடன் உரிய அலுவலகத்தில் பிரதி கேட்கலாம். அங்கும் பதிவேடு அழிந்திருந்தால் மீள்பதிவுதான் வழி. அப்போது யாப்பு, நடப்பாண்டு நிர்வாகத் தெரிவுக் கூட்டத்தின் அறிக்கை, உறுப்பினர் பட்டியல் ஆகியன கேட்கப்படும். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் ஒருவர் வெளிநாடு போய்விட்ட பின்னும் அவருடைய பெயரிலேயே கணக்கை வைத்திருப்பது நம் ஊர்களின் பழைய பழக்கம்; காசோலை வரும் நாளில் அது பெருஞ்சிக்கலாகும் என்பதால், வங்கிக் கணக்கின் கையெழுத்தாளர்களை இப்போதே மாற்றிக்கொள்ள வேண்டும். அத்தோடு, இரண்டு ஆண்டுகளின் வரவு செலவுக் கணக்கைச் சாதாரணக் கொப்பியிலாவது எழுதிக் கணக்காய்வாளர் ஒருவரின் கையொப்பத்துடன் வைத்திருந்தால், அதுவே விண்ணப்பத்தின் பாதிப் பலமாகும்.

மூன்றாவது படி: ஆவணப்படுத்தல்

பணம் வந்த பிறகு ஆவணப்படுத்தலாம் என்று நினைப்பது தவறு. ஆவணம் இருந்தால்தான் பணம் வரும். அதற்கு ஒரு கைப்பேசியும் அளவு நாடாவும் ஓர் இளைஞர் குழுவின் இரண்டு வார உழைப்பும் போதும்.

கட்டடமாயின், நான்கு பக்கங்களையும் கூரையையும் ஒவ்வொரு வெடிப்பையும் அளவுகோல் ஒன்றை அருகில் வைத்துப் படமெடுத்து, திகதியிட்டு, தரைப்படம் ஒன்றைக் கையாலாவது வரைய வேண்டும். சுவர் முருகைக்கல்லா, செங்கல்லா, சாந்து சுண்ணாம்பா, சீமெந்தா என்பதையும், மழைநீர் எந்த வழியாக உள்ளே இறங்குகிறது என்பதையும் எழுதி வைக்க வேண்டும். வரலாற்றுப் பகுதிக்கு ஊர்க்கதையோடு நின்றுவிடாமல் எழுத்துச் சான்றையும் தேட வேண்டும். 1895இல் வெளிவந்த ஜே. பி. லூயிஸின் வன்னி மாவட்டங்கள் பற்றிய கையேடு, ஒல்லாந்தர் காலப் பதிவுகளைப் பேணும் தேசிய சுவடிகள் காப்பகம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரலாற்றுத்துறையின் ஆய்வுகள் ஆகியன நல்ல தொடக்கங்கள். தொல்லியலாளர் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் மன்னாரின் கட்டுக்கரையில் நடத்திய அகழாய்வும், பூநகரி மண்ணித்தலைச் சிவாலயம் பற்றி எழுதியவையும், வன்னி மண்ணில் கிடைக்கும் ஓட்டுத்துண்டும் செங்கல்லும் எவ்வளவு பேசக்கூடியவை என்பதைக் காட்டுகின்றன. ஊர் ஐதீகத்தை ஐதீகமென்றும் சான்றைச் சான்றென்றும் தனித்தனியே எழுதும் விண்ணப்பத்தை அதிகாரிகள் நம்புவார்கள். ‘ஐயாயிரம் ஆண்டுப் பழமை’ என்று தொடங்கும் விண்ணப்பம் முதல் வரியிலேயே தோற்றுவிடும்.

கூத்தாயின் வேலை வேறு விதமானது. முல்லைத்தீவின் கோவலன் கூத்தை ஆடும் ஒரு மன்றத்தை உதாரணமாகக் கொள்வோம். அந்தக் கூத்துக்கு முல்லைமோடி என்று தனித்த ஆட்டமும் மெட்டும் உண்டு. வற்றாப்பளைக் கண்ணகி வழிபாட்டோடு அதற்கு நெருக்கமும் உண்டு. பிரதி எத்தனை பேரிடம் எந்த வடிவில் இருக்கிறது, எந்தப் பாடல்களின் மெட்டு ஒருவருக்கு மட்டுமே தெரியும், மத்தளம் அடிக்கக்கூடியவர்கள் எத்தனை பேர், அவர்களின் வயது என்ன, கடைசியாக முழு இரவும் ஆடியது எந்த ஆண்டு என்பவற்றை ஓர் அட்டவணையாக்க வேண்டும். ஒரேயொருவருக்கு மட்டுமே தெரிந்த மெட்டை அன்றைக்கே ஒலிப்பதிவு செய்துவிட வேண்டும். விண்ணப்பத்தின் முடிவு வரும்வரை காத்திருக்கும் காரியமல்ல அது. மன்னார்ப் பக்கத்து வாசாப்பு எனும் கத்தோலிக்கக் கூத்துக்கும் நாடகப் பிரதிகளுக்கும், நெல்லறுவடையில் பாடும் அருவிவெட்டுப் பாடல்களுக்கும் இதே முறை பொருந்தும். பிரதிகளை வருடிக் கணினியில் ஏற்றி, ஒரு படியை நூலக நிறுவனத்தின் எண்ணிம நூலகம் போன்ற பொதுவெளியில் சேர்ப்பித்தால், அடுத்த வெள்ளத்துக்கோ இடப்பெயர்வுக்கோ அஞ்ச வேண்டியதில்லை.

நான்காவது படி: கதவைத் தெரிந்து தட்டுதல்

முதற்கதவு எப்போதும் பிரதேச செயலகத்துக் கலாசார உத்தியோகத்தர்தான். பிரதேச கலாசாரப் பேரவை, கலாசார விழா, மலர் வெளியீடு, கலாபூஷணம் விருதுக்கான விண்ணப்பம் எல்லாம் அவர் மேசையைக் கடந்தே போகின்றன. அறுபது வயதைக் கடந்த மூத்த கலைஞர்களுக்குக் கலாசார அலுவல்கள் திணைக்களம் வழங்கும் அந்த விருதுக்குத் தகுதியுள்ள அண்ணாவிமார் பலர், தாமே தம்மைப் பற்றி விண்ணப்பிப்பதா என்று கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். மன்றம் அவர்களுக்காக ஆவணங்களைத் திரட்டிக் கொடுப்பது மரியாதையும் கடமையுமாகும். அதே திணைக்களத்தோடு இணைந்து, 1952ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான இலங்கைக் கலைக் கழகமும் இயங்குகிறது.

மாகாணக் கதவு வேறு. 13ஆவது திருத்தத்தின் ஒன்பதாவது அட்டவணை, தேசிய முக்கியத்துவம் உடையவையென்று பிரகடனப்படுத்தப்படாத பழஞ்சின்னங்களை மாகாணத்தின் அதிகாரத்துக்குள் வைத்திருக்கிறது. ஊர்மட்டச் சின்னத்துக்கு மாகாணத்திடம் கேட்பது சலுகை கேட்பதாகாது. அதற்குச் சட்ட அடிப்படை உண்டு. வடமாகாணப் பண்பாட்டலுவல்களுக்குப் பொறுப்பான அமைச்சும் அதன் கீழுள்ள அலகும் கலை மன்றங்களுக்கும் நூல்களுக்கும் கலைஞர் கௌரவிப்புக்கும் உதவுகின்றன. சற்றே பெரிய கட்டட வேலைகளுக்கு மத்திய அரசு மாகாண அபிவிருத்திக்கென வழங்கும் குறித்தொதுக்கப்பட்ட அபிவிருத்தி நன்கொடையில் இடம் கேட்கலாம்.

கோயிற் திருப்பணிக்கும் அறநெறிப் பாடசாலைக்கும் இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களமும், தேவாலயத்துக்குக் கிறிஸ்தவ சமய அலுவல்கள் திணைக்களமும், பள்ளிவாசலுக்கு முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் உரியவை. நூல் வெளியீட்டுக்கு தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை உதவுகிறது. சர்வதேசத் தராதர நூல் எண்ணும் அங்கேதான் கிடைக்கும். கைப்பணியாளருக்கு, 1982ஆம் ஆண்டின் சட்டத்தின்படி அமைந்த தேசிய அருங்கலைகள் பேரவையும், பனையோலை வேலைக்குப் பனை அபிவிருத்திச் சபையும் உள்ளன. 1980இல் உருவான மத்திய கலாசார நிதியம் பெருந்திட்டங்களைக் கவனிப்பது. சிறு கிராமத்தின் முதல் விண்ணப்பத்தை அங்கே அனுப்புவதில் பயன் குறைவு.

நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குப் பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவு நிதி ஒதுக்கப்படும் ஆண்டுகளில், அதிலிருந்து வாத்தியமும் ஒலிபெருக்கியும் வாங்கிய மன்றங்கள் உண்டு. இங்கே ஒரு சிறு சிக்கல் இருக்கிறது. வன்னித் தேர்தல் மாவட்டம் வவுனியா, மன்னார், முல்லைத்தீவு ஆகியவற்றை மட்டுமே கொண்டது. கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் அடங்கும். ஆகவே கிளிநொச்சி மன்றம் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்ட உறுப்பினரிடமே போக வேண்டும்.

வெளிநாட்டு அரசுகளின் உதவியும் வருவதுண்டு. திருக்கேதீச்சரத் திருப்பணி இந்திய அரசின் நிதியோடு, இந்தியத் தொல்லியல் துறையின் பங்கேற்புடன் நடந்தது. ஆனால் அவ்வாறான உதவி அரசுக்கும் அரசுக்குமான உடன்படிக்கையில் பிறப்பது. கூத்து, பாடல் போன்றவற்றுக்கான யுனெஸ்கோவின் அருவ மரபுரிமை உடன்படிக்கையில் இலங்கை 2008இல் இணைந்திருந்தாலும், அதன் உதவிக்கும் விண்ணப்பிக்க வேண்டியது அரசுதான்.

ஐந்தாவது படி: மதிப்பீடு

கட்டட வேலைக்கான மதிப்பீட்டைப் பிரதேச செயலகத்தினதோ பிரதேச சபையினதோ தொழில்நுட்ப உத்தியோகத்தர்தான் தயாரிப்பார். அவர் கையிலுள்ள விலைப்பட்டியல் புதுக் கட்டடத்துக்கானது. சுண்ணாம்புச் சாந்து அதில் எளிதில் அகப்படாது. எனவே அவர் சீமெந்து என்றே எழுதுவார். பழைய சுவரின் அழிவு அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. சீமெந்துப் பூச்சு பழைய கல்லை விட வன்மையானது. நீராவியை வெளியே விடாது. சுவருக்குள் ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். கரையோரத்து உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, கல்லையே மாவாக உதிர்க்கும். சில ஆண்டுகளில் பூச்சு பலகையாகக் கழன்று விழும்போது பழைய கல்லின் முகத்தையும் சேர்த்துக்கொண்டே விழும். சுண்ணாம்புச் சாந்தோ மெதுவாக இறுகி, சுவரோடு சேர்ந்து மூச்சு விடும். நீற்றிய சுண்ணாம்பு, கழுவிய மணல், பழைய முறை தெரிந்த கொத்தரின் நாட்கூலி ஆகியவற்றைத் தனி உருப்படிகளாக எழுதும்படி உத்தியோகத்தரைப் பணிவோடு கேட்டு, தொல்பொருளியல் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகத்திடமிருந்து ஆலோசனைக் கடிதம் ஒன்றையும் பெற்று இணைத்தால், விலைப்பட்டியலுக்கு வெளியே போவதற்கு அவருக்கும் ஆதாரம் கிடைக்கும்.

இந்த இடத்தில் ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். அரச நிதி கிடைத்த மகிழ்ச்சியில் பழைய மூலத்தானத்தை இடித்துவிட்டுக் கொங்கிறீற் மண்டபம் எழுப்பிய கோயில்களை வன்னியில் நான் கண்டிருக்கிறேன். திருப்பணிக்காக மூர்த்தியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றும் பாலஸ்தாபனத்துக்கு முன்பே கட்டடக் கலை அறிந்த ஒருவரை அழைத்துவந்து, எதைக் காப்பது, எதை மாற்றுவது என்று எழுத்தில் முடிவு செய்திருந்தால் அந்தக் கல் இன்றும் இருந்திருக்கும்.

கூத்து மன்றத்தின் மதிப்பீட்டில் உடுப்பு, கிரீடம், மத்தளம், சல்லாரி, ஒளியமைப்பு என்று பொருட்களை மட்டும் அடுக்காமல், பழக்கும் மாதங்களில் அண்ணாவியாருக்கான கொடுப்பனவு, பிரதியைச் செம்மைப்படுத்தி அச்சிடும் செலவு, இளையோருக்கான போக்குவரத்து ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். உடுப்பு மட்டும் வாங்கிய மன்றத்தில், ஆடத் தெரிந்தவர் இல்லாத நாளில் உடுப்பு பெட்டியிலேயே கிடக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று விலைமனுக்கள் இணைப்பதும், ஊராரின் சிரமதானம், தென்னங்கீற்று, சாப்பாடு ஆகியவற்றைப் பணமதிப்பில் ‘சமூகப் பங்களிப்பு’ என்று காட்டுவதும் விண்ணப்பத்துக்கு வலுச் சேர்க்கும்.

ஆறாவது படி: மாதக் கணக்கு

அரசின் நிதியாண்டு ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. வரவு செலவுத் திட்டம் வழமையாக நவம்பரில் நாடாளுமன்றத்துக்குப் போவதால், திணைக்களங்கள் அடுத்த ஆண்டுக்கான தேவைகளை ஆண்டின் நடுப்பகுதியிலிருந்தே திரட்டத் தொடங்கும். ஆகவே பெரிய வேலைக்கான விண்ணப்பம் ஜூன், ஜூலையில் மேசையில் இருக்க வேண்டும். ஒதுக்கீடு அடுத்த ஆண்டு கைக்கு வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். செலவழிக்காத பணம் டிசம்பர் முடிவில் திறைசேரிக்குத் திரும்பிவிடும்.

இந்த நாட்காட்டி வன்னியின் நாட்காட்டியோடு ஒத்துப் போவதில்லை. ஒக்டோபரில் தொடங்கும் மாரிமழையில் சுண்ணாம்பு வேலை செய்ய முடியாது. புதிய சாந்தை மழை கழுவிக்கொண்டு போய்விடும். காலபோக நெல் அறுவடை மாசி, பங்குனியில் முடியும்வரை ஆளும் கிடைக்காது. கட்டட வேலைக்கு மிஞ்சுவது சித்திரை முதல் புரட்டாதி வரையிலான காலமே. ஒப்பந்தத்தில் அந்தக் காலத்தையே குறிப்பிடும்படி கேட்க வேண்டும். வற்றாப்பளை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலை ஒட்டி ஆட நினைக்கும் கூத்துக்கு, அந்த ஆண்டின் ஒதுக்கீட்டை நம்பக் கூடாது. முந்திய ஆண்டிலேயே பொருட்களை வாங்கி முடித்திருக்க வேண்டும்.

ஏழாவது படி: விண்ணப்பமும் பின்தொடர்தலும்

விண்ணப்பக் கடிதம் இரண்டு பக்கங்களைத் தாண்டத் தேவையில்லை. என்ன, எங்கே, யாருடைய காணியில், எவ்வளவு பணம், எத்தனை மாதம், முடிந்த பின் யார் பராமரிப்பது என்ற ஆறுக்கும் விடை இருந்தால் போதும். மற்றவை இணைப்புகளில் வரட்டும். கொழும்பிலுள்ள திணைக்களத்துக்கும் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பில் உண்டு. சிங்களப் பிரதியொன்றை நல்லெண்ணத்தோடு இணைப்பது வேலையை விரைவுபடுத்தலாம்; ஆனால் தமிழ்க் கடிதத்தை ஏற்க மறுக்க எந்த அலுவலகத்துக்கும் அதிகாரமில்லை.

பிரதேச செயலாளர் ஊடாக அனுப்பி, ஒரு பிரதியில் திகதி முத்திரையும் பெற்று வைத்திருக்க வேண்டும். இரண்டு மாதமாகியும் பதில் இல்லையென்றால், நேரில் போய்க் கோப்பு இலக்கத்தைக் கேட்கலாம். அதிலும் பயனில்லையென்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், விண்ணப்பத்தின் நிலையையும் அந்த ஆண்டில் அதே தலைப்பின் கீழ் உதவி பெற்றவர்களின் விபரத்தையும் தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேட்கலாம். அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள், அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டை விசாரிக்கும் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடமும், அதன்பின் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். இதைச் சண்டையாக எண்ண வேண்டியதில்லை. அலுமாரிக்குள் தூங்கும் கோப்பு பல வேளைகளில் இந்தக் கடிதத்தோடுதான் மேசைக்கு வருகிறது.

எட்டாவது படி: வேலையும் கணக்கும்

அரச உதவி பெரும்பாலும் வேலை முடிந்த அளவுக்கே பகுதி பகுதியாக வரும். முற்பணம் கிடைத்தாலும் சிறிதாகவே இருக்கும். முதற்கட்டச் செலவைத் தாங்கக்கூடிய இருப்பு வங்கியில் இல்லாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம். கடையில் கடனுக்கு எடுத்துப் பின்னர் பற்றுச்சீட்டு எழுதுவிப்பது கணக்காய்வில் பிடிபடும். பற்றுச்சீட்டின் திகதி ஒப்பந்தத் திகதிக்கு முந்தியிருந்தால் அந்தப் பணம் கிடைக்காது. மதிப்பீட்டிலுள்ள ஓர் உருப்படியை இன்னொன்றாக மாற்ற வேண்டுமானால், அது மத்தளத்துக்குப் பதில் ஆர்மோனியமாக இருந்தாலும், வாங்குவதற்கு முன் எழுத்தில் அனுமதி பெற வேண்டும்.

வேலைக்கு முன்னும் நடுவிலும் முடிவிலும் ஒரே இடத்தில் நின்று எடுத்த படங்களோடு நிறைவறிக்கையைக் கொடுத்து, வாங்கிய பொருட்களை மன்றத்தின் இருப்புப் பதிவேட்டில் இலக்கமிட்டுப் பதிய வேண்டும். பதிவேடு, ஒப்பந்தம், பற்றுச்சீட்டுகள், கூத்துப் பிரதி ஆகியவற்றின் ஒரு படியைச் செயலாளர் வீட்டிலும், இன்னொரு படியை வேறு ஊரில் இருக்கும் உறுப்பினர் ஒருவரின் வீட்டிலும், மூன்றாவதைப் பிரதேச கலாசாரப் பேரவையிடமும் வைப்பது நல்லது.